பீங்கான் சுமக்க எத்தனை குதிரைத்திறன்?

மலைச்சரிவில் சேற்றை வாரியிறைத்துக்கொண்டு ஏறிவரும் ஒரு பெரிய வண்டியை விளம்பரங்களில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். முன்பகுதி சுவர்போல் நிமிர்ந்து நிற்கும். நான்கு கதவுகள், ஐந்து பேர் சொகுசாக அமர இருக்கைகள். அவற்றுக்குப் பின்னால் தொட்டி போல் ஒரு திறந்த சரக்குத் தட்டு. 'பிக்கப்' என்பது இதன் பெயர். அமெரிக்காவில் தெருவுக்குத் தெரு காணப்படும் இவ்வகை வண்டி நம் நாட்டிலும் விற்பனைக்கு வந்துவிட்டது. இசுசு நிறுவனத்தின் டி-மேக்ஸ் வி-கிராஸ் 2016-இலும், டொயோட்டாவின் ஹைலக்ஸ் 2022-இலும் இங்கே அறிமுகமாயின. ஹைலக்ஸின் தொடக்க விலை 34 லட்சம் ரூபாயை ஒட்டியிருந்தது.

விரும்பி வாங்குபவரோடு நமக்கு வழக்கில்லை. யானையைக் கட்டித் தீனி போட வசதியுள்ளவர் போடட்டும். ஆனால் 'இது உழைப்பவரின் வண்டி. கடினமான வேலைக்கு இவ்வளவு பெரிய வண்டிதான் வேண்டும்' என்று ஒரு பேச்சு இருக்கிறதே, அதைத் தராசில் நிறுத்துப் பார்க்கத்தான் வேண்டும். ஏனெனில் அந்தப் பேச்சை நம்பி வங்கியில் கடன் வாங்குபவர் ஒரு சிறு தொழிற்கூடத்தின் உரிமையாளராக இருக்கலாம். தொழிற்பயிற்சி முடித்து, சொந்தமாக வண்டி வாங்கி ஓட்டிப் பிழைக்க எண்ணும் உங்கள் அண்ணனாகவும் இருக்கலாம்.

நிறுத்துப் பார்க்க ஓர் இடம் வேண்டுமல்லவா? விருத்தாசலத்தை எடுத்துக்கொள்வோம்.

கடலூர் மாவட்டத்தில், மணிமுத்தாற்றின் கரையில், பழமலைநாதர் கோயிலைச் சுற்றி அமைந்த பழைய ஊர் இது. விழுப்புரத்திலிருந்து திருச்சிக்குச் செல்லும் இரயில் பாதையில், சேலத்துக்கும் கடலூருக்கும் கிளைகள் பிரியும் சந்திப்பு. இந்த ஊருக்கு மற்றொரு பெயரும் உண்டு: பீங்கான் நகரம். அருகிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேல் கிடக்கும் மண்ணடுக்குகளில் வெண்களிமண்ணும் உண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள். விருத்தாசலத்தில் அரசின் பீங்கான் மையமும், பீங்கான் தொழிற்பேட்டையும், இத்தொழிலைக் கற்பிக்கும் தொழில்நுட்ப நிலையமும் உள்ளன. பேட்டையிலுள்ள சிறு தொழிற்கூடங்களில் மின்சார ப்யூஸ் கேரியர்கள், மின்காப்புப் பீங்கான்கள், கோப்பைகள், பொம்மைகள் ஆகியவை உருவாகின்றன. கார்த்திகை நெருங்கினால் பீங்கான் அகல் விளக்குகள் ஆயிரக்கணக்கில் சூளையிலிருந்து இறங்கும்.

நம் சோதனைக்கு இதைவிடப் பொருத்தமான சரக்கு கிடைப்பது அரிது. பீங்கான் கனமானது; ஒரு கனமீட்டர் கெட்டிப் பீங்கான் ஏறத்தாழ 2,400 கிலோ எடையிருக்கும். ஆயினும் கோப்பையும் பொம்மையும் உட்குழிந்தவை. வைக்கோலும் அட்டைப்பெட்டியும் வேறு இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே பல சமயங்களில் தட்டு நிரம்பிவிடும், எடை நிரம்பாது. இது போதாதென்று, சற்றே அதிர்ந்தால் உடையும். சரக்கு வண்டியின் நல்லது கெட்டது அத்தனையும் இந்த ஒரு பொருளிடம் வெளிப்பட்டுவிடும்.

எந்த வேலைக்கு எந்த வண்டி?

முதலில் வேலையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பீங்கானுக்குக் களிமண், குவார்ட்ஸ், பெல்ஸ்பார் ஆகியவை மூலப்பொருள்கள். இவை டன் கணக்கில் லாரியில் வந்து இறங்கும். இதில் பிக்கப்புக்கு, அது எவ்வளவு பெரிதானாலும், வேலையில்லை. பேட்டைக்குள்ளே பச்சைப் பொருள்கள் சூளைக்குச் செல்வது தள்ளுவண்டியில். அங்கும் வேலையில்லை. வெளியூருக்கு நெடுந்தொலைவு போக வேண்டிய சரக்கு, பிற சரக்குகளோடு சேர்ந்து லாரியில் போகிறது. எஞ்சுவது இடைப்பட்ட வேலை: தொழிற்கூடத்திலிருந்து லாரி புக்கிங் ஆபீசுக்கு, கடைவீதிக்கு, பக்கத்து ஊர்ச் சந்தைக்கு. சில கிலோமீட்டர் முதல் ஐம்பது, அறுபது கிலோமீட்டர் வரை. சில நூறு கிலோ சரக்கு. நாளொன்றுக்குப் பல நடை.

ஒரு கணக்குப் போடுவோம். ஓர் அகலின் எடை 40 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பத்தாயிரம் அகல் 400 கிலோ. ஒரு சிறு கடைக்காரருக்குக் கார்த்திகை முழுவதற்கும் போதுமான சரக்கு இது.

இந்த வேலையை இன்று செய்வது எது என்று உங்களுக்கே தெரியும். மக்கள் 'குட்டி யானை' என்று பெயரிட்டு அழைக்கும் டாடா ஏஸ். 2005-ஆம் ஆண்டு இது வெளிவந்தபோது இதற்கு இரண்டே சிலிண்டர், 702 கன சென்டிமீட்டர் டீசல் எஞ்சின், 16 குதிரைத்திறன். ஏற்றக்கூடிய பளு 750 கிலோ. வண்டியின் நீளம் 3.8 மீட்டர். அதில் சரக்குத் தட்டின் நீளம் 2.2 மீட்டர்.

இதன் பக்கத்தில் அமெரிக்காவின் புகழ்பெற்ற போர்டு எப்-150 வண்டியை நிறுத்துவோம். அந்நாட்டில் 1977 முதல் இடைவிடாமல் மிக அதிகமாக விற்பனையாகும் பிக்கப் வரிசை இதனுடையது. நான்கு கதவுகளும் ஐந்தரை அடித் தட்டும் கொண்ட வகையின் நீளம் ஏறத்தாழ 5.9 மீட்டர். எடை இரண்டு டன்னுக்கு மேல். எஞ்சின் வகைக்கேற்ப 300 முதல் 400 குதிரைத்திறன். இத்தனையும் கொண்ட அந்த வண்டியின் சரக்குத் தட்டு 1.7 மீட்டர். ஆம், குட்டி யானையின் தட்டைவிட அரை மீட்டர் குட்டை! பளுவோ பெரும்பாலும் 700 முதல் 900 கிலோ. அதாவது இரண்டு மீட்டர் கூடுதல் நீளமும், ஏறத்தாழ இருபது மடங்கு திறனும் செலவழித்து, கிட்டத்தட்ட அதே பளுவைச் சிறிய தட்டில் ஏற்றுகிறோம்.

தட்டின் அமைப்பையும் கவனியுங்கள். குட்டி யானையின் தட்டு சக்கரங்களுக்கு மேலே சமதளமாக விரிந்திருக்கிறது. பெரிய பிக்கப்பில் சக்கர மேடுகள் தட்டுக்குள் புடைத்து நிற்கும். பக்கச் சுவர்கள் உடலோடு ஒன்றியவை, இறக்க முடியாது. சரக்கைப் பின்கதவு வழியாகத்தான் தள்ள வேண்டும். பக்கப் பலகைகளை இறக்கக்கூடிய தட்டானால், பீங்கான் பெட்டி ஏற்றுபவர் பக்கத்திலிருந்தும் எட்டி வைக்கலாம். ஒன்றன்மேல் ஒன்றாக இழுத்துத் தேய்க்க வேண்டியதில்லை. தட்டின் உயரமும் அப்படியே. 15 கிலோ பெட்டியைக் கூடுதலாக 20 சென்டிமீட்டர் தூக்க ஆகும் வேலை சுமார் 30 ஜூல்தான். பௌதிகப் புத்தகத்தில் இது ஒன்றுமில்லை. ஆனால் இடுப்புக்கு மேலே, கையை நீட்டி, நாளைக்கு இருநூறு பெட்டி தூக்குபவரின் முதுகு ஜூலில் கணக்கு எழுதுவதில்லை.

பதினாறு எப்படிப் போதும்?

'16 குதிரைத்திறனா? அது எப்படி முக்கால் டன்னை இழுக்கும்?' என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. விடையைக் கையாலேயே கணக்கிட்டுவிடலாம்.

முழுப் பளுவோடு குட்டி யானையின் மொத்த எடை 1,550 கிலோ. சமதளச் சாலையில் அதை எதிர்ப்பவை இரண்டு: சக்கரத்தின் உருளல் உராய்வு, காற்றின் தடை. சுமாரான தார்ச்சாலையில் உருளல் உராய்வு வண்டியின் எடையில் நூற்றுக்கு ஒன்றரை பங்கு என்று கொண்டால் 228 நியூட்டன் வருகிறது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் இத்தகைய வண்டிக்குக் காற்றின் தடை 90 நியூட்டன் அளவு. இரண்டையும் கூட்டி வேகத்தால் பெருக்கினால் சுமார் 3.5 கிலோவாட். குதிரைத்திறனில் ஐந்துக்கும் குறைவு! மணிக்கு 60 கிலோமீட்டரில் காற்றுத் தடை இரு மடங்குக்கு மேலாகிறது. அப்போதும் பத்துக் குதிரைத்திறன் போதும். வேகமெடுக்கவும், மேம்பாலம் ஏறவும், எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இடையில் வீணாவதற்கும் மீதி ஆறு. விருத்தாசலத்தைச் சுற்றியுள்ள பூமி சமதளம். ஏற்காடு மலையேற்றத்தில் இந்த வண்டி மூச்சுவாங்கும். மணிமுத்தாற்றுப் பாலத்தில் வாங்காது.

அடுத்து, ஒரு வண்டியின் உழைப்பை அளக்கச் சரியான அளவுகோல் எது? குதிரைத்திறன் அன்று. தன் எடைக்கு எவ்வளவு பிற எடை சுமக்கிறது என்பதே. கடைவீதியில் நூறு கிலோ மூட்டைகளை ஏற்றித் தள்ளிச் செல்லும் சைக்கிளைப் பாருங்கள். அதன் சொந்த எடை 20 கிலோ அளவுதான். ஐந்து மடங்கு! எஞ்சின் வைத்த எந்த வண்டியும் இதன் அருகில் நிற்க முடியாது. குட்டி யானை தன் எடைக்குக் கிட்டத்தட்டச் சமமாகச் சுமக்கிறது. ஜப்பானியரின் 'கெய்' சிற்றுந்து தன் எடையில் பாதி சுமக்கும். பெரிய அமெரிக்கப் பிக்கப் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்.

சரக்கு வண்டி போகும்போது நிறைந்தும், வரும்போது பெரும்பாலும் காலியாகவும் வரும் என்பதை மறந்துவிடக் கூடாது. திரும்பும் நடையில் குட்டி யானை இழுப்பது 800 கிலோவை. பெரிய வண்டி இழுப்பது 2,200 கிலோவை. காலி வண்டிக்கு யாரும் வாடகை தருவதில்லை. ஆனால் டீசல் எரிகிறது.

கமான் பட்டை சொல்லும் உண்மை

இனி உடையும் விஷயத்துக்கு வருவோம். பெரிய வண்டியின் பக்கம் பேசுபவர்கள் சொல்லும் ஒரு வாதம், 'பெரிய வண்டி குலுங்காது, சரக்கு பத்திரமாகப் போகும்' என்பது. இது பாதி உண்மை. பாதி உண்மையைத்தான் நுணுகிப் பார்க்க வேண்டும்.

சரக்கு வண்டிகளின் பின் அச்சைத் தாங்குவது வளைந்த எஃகுப் பட்டைகளின் அடுக்கு. பட்டறைகளில் இதைக் 'கமான் பட்டை' என்பார்கள். ஒரு டன் ஏற்றினால் 10 சென்டிமீட்டர் அமுங்கும்படி அமைத்த கமான் பட்டை ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். காலி வண்டியின் உடல் எடையில் 400 கிலோ பின்பக்கம் அழுத்துவதாக வைத்துக்கொள்வோம். ஒரு டன் சரக்கு ஏற்றினால் மொத்தம் 1,400 கிலோ. பட்டை 14 சென்டிமீட்டர் அமுங்கி நிற்கும். நூறு கிலோ மட்டும் ஏற்றினால் மொத்தம் 500 கிலோ. அமுக்கம் 5 சென்டிமீட்டர்.

வண்டி திடீரென்று 3 சென்டிமீட்டர் மேட்டில் ஏறுகிறது. பட்டை மேலும் 3 சென்டிமீட்டர் அமுங்கித் தட்டை மேலே உதைக்கிறது. முழுப் பளுவில் இந்த உதை, இருக்கும் விசையில் பதினான்கில் மூன்று பங்கு. அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தில் ஐந்தில் ஒரு பங்குதான். சிறு பளுவிலோ ஐந்தில் மூன்று பங்கு. உதை ஏறத்தாழ மூன்று மடங்கு! 5 சென்டிமீட்டர் பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் இன்னும் வேடிக்கை. சிறு பளுவில் பட்டையின் அமுக்கம் முழுவதும் விடுபட்டுவிடுகிறது. அந்தக் கணத்தில் தட்டைத் தாங்க ஒன்றுமில்லை. பெட்டிகள் எடையிழந்து மிதக்கின்றன. அடுத்த கணம் தட்டு எதிர்வந்து மோதுகிறது. கோப்பைகளின் காது உடைவது அப்போதுதான். (டயரின் நெகிழ்ச்சியையும் அதிர்வு தாங்கியையும் இக்கணக்கில் விட்டுவிட்டோம், அவற்றைச் சேர்த்தால் எண்கள் மாறும், போக்கு மாறாது.)

இதிலிருந்து என்ன தெரிகிறது? சரக்கைக் காப்பது வண்டியின் பருமன் அன்று. வண்டியின் வில்லுக்கும் சரக்கின் எடைக்கும் உள்ள பொருத்தம். ஒன்றரை டன் வண்டியில் ஒரு மூட்டை அகல் ஏற்றினால் அது குதித்துக் குதித்துத்தான் போகும். குட்டி யானையும் நூறு கிலோவோடு போனால் குதிக்கத்தான் செய்யும். பெரிய வண்டிக்கு உள்ள நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும்: அதன் சக்கரம் பெரிது. குட்டி யானையின் 12 அங்குலச் சக்கரம் முழுதாக விழுந்துவிடும் குழியைப் பெரிய சக்கரம் தாவிவிடும். குண்டும் குழியுமான சாலைக்கு இது சிறிய நன்மை அன்று.

ஆனால் இங்கேதான் ஒரு விந்தை. கடினமான கமான் பட்டை சரக்கை மட்டுமா உதைக்கும்? இருக்கையில் அமர்ந்தவரையும் உதைக்கும். 34 லட்சம் கொடுத்தவர் அதைப் பொறுப்பாரா? ஆகவே, ஐந்து பேர் அமரும் சொகுசு வகைகளில் வில்லை மென்மையாக்குகிறார்கள். வில் மென்மையானால் ஏற்றக்கூடிய பளு குறைகிறது. அறை நீண்டதால் தட்டும் குறைகிறது. இசுசு நிறுவனமே டி-மேக்ஸ் என்ற அதே பெயரில் ஒற்றை அறை கொண்ட வேலை வண்டியை விற்கிறது. அது ஒரு டன்னுக்கு மேல் ஏற்றும். சொகுசு வி-கிராஸ் அந்த அளவை நெருங்குவதில்லை. ஒரே குடும்பத்து இரு பிள்ளைகள். விலை உயர்ந்த பிள்ளைதான் குறைவாகச் சுமக்கிறது! எண் பலகையின் நிறமும் இதைச் சொல்லிவிடும். வாடகைக்குச் சரக்கேற்றும் வண்டிக்கு மஞ்சள் பலகை. சொகுசு பிக்கப்புகள் பெரும்பாலும் வெள்ளைப் பலகையோடு, சொந்தக் கார்களைப் போல் பதிவாகின்றன.

அமெரிக்காவில் ஏன் பெருத்தது?

'வேலைக்குத் தேவையில்லையென்றால் அமெரிக்கர் ஏன் இலட்சக்கணக்கில் வாங்குகிறார்கள்?' என்ற ஐயம் எழும். இதன் கதை சுவையானது. அது தொடங்குவது ஒரு கோழியிடம்.

1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கோழி இறைச்சி மலிவாக ஐரோப்பாவில் குவிந்தது. ஐரோப்பிய நாடுகள் அதன்மீது வரி போட்டன. பதிலடியாக அமெரிக்கா 1964 முதல் வெளிநாட்டுச் சிறு சரக்குந்துகளுக்கு நூற்றுக்கு 25 வரி விதித்தது. கோழிச் சண்டை ஓய்ந்துவிட்டது; வரி நிலைத்துவிட்டது. வெளிநாட்டுச் சிறிய வண்டிகளுக்குக் கதவு பெரும்பாலும் அடைபட்டது. பின்னர் எண்ணெய் நெருக்கடியை அடுத்து, 1975-இல் எரிபொருள் சிக்கனச் சட்டம் வந்தது. அதன்கீழ் கார்களுக்குக் கடுமையான இலக்கும், 'சரக்கு வண்டி' வகைக்குத் தளர்ந்த இலக்கும் ஏற்பட்டன. அதற்கும் பின்னர் வந்த விதிகளில், நான்கு சக்கரங்களுக்கு இடைப்பட்ட பரப்பு பெரிதானால் இலக்கும் தளரும் என்றானது. சிறிதாகச் செய்பவருக்குச் சிரமம், பெரிதாகச் செய்பவருக்குச் சலுகை! வண்டிகள் பெருத்ததில் வியப்பென்ன?

வடிவமும் கூடவே மாறியது. ஆக்சியோஸ் என்னும் செய்தி நிறுவனம் 2023-இல் வெளியிட்ட ஒப்பீடு ஒன்று உண்டு. 1960, 70-களின் போர்டு பிக்கப்பில் நீளத்தில் 36 விழுக்காடு ஆள் அமரும் அறை, 64 விழுக்காடு சரக்குத் தட்டு. 2021-இல் அறை 63, தட்டு 37. தலைகீழ்! பயன்படுத்துவோரைக் கேட்ட ஸ்ட்ராடஜிக் விஷன் என்ற ஆய்வு நிறுவனத்தின் முடிவுகள் 2019-இல் செய்தியாயின. பிக்கப் உரிமையாளர்களில் 75 விழுக்காட்டினர் ஆண்டுக்கு ஒரு முறையோ அதற்கும் குறைவாகவோதான் எதையேனும் பின்னால் கட்டி இழுக்கிறார்கள். 35 விழுக்காட்டினர் தட்டில் சரக்கு வைப்பதே ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் இல்லை.

இதே உலகத்தில் ஜப்பானிய விவசாயியையும் பாருங்கள். அவருடைய 'கெய்' வண்டி சட்டப்படி 3.4 மீட்டர் நீளத்தைத் தாண்டக் கூடாது. எஞ்சின் 660 கன சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. பளு 350 கிலோ. நெல் வயல் வரப்பிலும் ஆப்பிள் தோட்டத்திலும் அது ஓடுகிறது. வேடிக்கை என்னவென்றால், 25 ஆண்டு பழமையான இந்த வண்டிகளை இறக்குமதி செய்து தம் பண்ணையில் ஓட்டும் அமெரிக்க விவசாயிகளும் இருக்கிறார்கள்.

பெரிய வண்டிக்கு எங்கே வேலை உண்டு? மூன்று நான்கு டன் இழுவைப் பெட்டியைக் கட்டி நெடுந்தொலைவு போகிறவருக்கு உண்டு. எப்-150 போன்றவை ஐந்து டன்னுக்கு மேலும் இழுக்கவல்லவை, அதற்குத்தான் அந்த நானூறு குதிரைகள். கருவிகளும் ஐந்து ஆட்களும் ஒருங்கே, பாதையற்ற மலைக்காட்டுக்குப் போக வேண்டுமானால் நான்கு சக்கரமும் இழுக்கும் இரட்டை அறை வண்டி தேவைதான். சுரங்கத்திலும் மீட்புப் பணியிலும் அதற்கு இடமுண்டு. நம் பக்கத்துக் கரிசல் சேற்றிலோ, கரும்பு வயலிலோ அந்த இழுவை வேலையை டிராக்டரும் டிரெய்லரும் ஏற்கெனவே செய்கின்றன, உழவும் செய்கின்றன.

குட்டி யானைக்கு வக்காலத்து வாங்குவதும் நம் நோக்கமன்று. அதன்மேல் ஒரு குற்றச்சாட்டு உண்டு, அது கடுமையானது. முக்கால் டன் வண்டியில் ஒன்றரை டன் ஏற்றுவது நம் ஊர் வழக்கமாகிவிட்டது. கமான் பட்டைக்கு மேலும் ஒரு பட்டை சேர்த்துவிட்டால் வண்டி தாங்கிவிடும் என்று எண்ணுகிறோம். பட்டை தாங்கும்; பிரேக் தாங்குமா? பிரேக்கின் விசை அதேயிருக்க, மொத்த எடை ஒன்றரை மடங்கானால் நிற்கும் தூரமும் ஒன்றரை மடங்காகும். ஓட்டுநரின் கால்களுக்கு முன்னால் இருப்பதோ ஒரு மெல்லிய தகடு. அன்றாடம் ஒரு டன்னுக்கு மேல் சரக்கு இருக்குமானால், அதற்கேற்ற வண்டிதான் வேண்டும். 2011 முதல் ஓசூரில் அசோக் லேலண்ட் செய்துவரும் தோஸ்து ஒன்றேகால் டன் வகையைச் சேர்ந்தது. மகீந்திராவின் பொலிரோ பிக்கப் ஒன்றரை டன் அளவில் ஏற்றும். இவையும் 'பிக்கப்' தாம். ஆனால் ஒற்றை அறை, நீண்ட தட்டு. பெயரில் என்ன இருக்கிறது, தட்டில்தான் இருக்கிறது! மோட்டார் வாகனச் சட்டம் (1988) மொத்த எடை 3,000 கிலோவுக்கு மிகாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் வேண்டியதில்லை என்கிறது. இந்த வகையில் பல வண்டிகள் அந்த எல்லைக்குள் அடங்கிவிடும். பேட்டைக்கும் கடைவீதிக்கும் இடையே மட்டும் ஓடுவோருக்கு மின்கலத்தால் ஓடும் ஏஸும் 2022-இல் அறிமுகமாகியிருக்கிறது. நாளொன்றுக்குச் சில பத்துக் கிலோமீட்டர், இரவில் ஓய்வு என்ற வேலைக்கு அது பொருந்தக்கூடியது.

விலையும் டீசலும் வண்டி வாங்குபவரின் பாடு என்று விடலாம். விட முடியாத ஒன்று உண்டு. பள்ளி விடும் நேரத்தில் எந்த ஊரின் கடைவீதியானாலும் வண்டியின் முன்னே குறுக்கிடுவது குழந்தைகள். அமெரிக்காவில் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் 2023-இல் ஏறத்தாழ 18,000 பாதசாரி விபத்துகளை ஆராய்ந்தது. முன்மூடியின் உயரம் 40 அங்குலத்துக்கு மேற்பட்ட வண்டி மோதினால், 30 அங்குலத்துக்குள் சரிவாக அமைந்த வண்டியைவிட, மரணம் நேரும் வாய்ப்பு சுமார் 45 விழுக்காடு அதிகம் என்று கண்டது. நாற்பது அங்குலம் என்பது ஒரு மீட்டருக்குச் சற்று மேல். முதல் வகுப்புக் குழந்தையின் தோளை அல்லது தலையை அது தொடும். அந்த உயர்ந்த மூடிக்கு உடனடி முன்னே நிற்கும் குழந்தை ஓட்டுநரின் கண்ணில் படுவதுமில்லை. குட்டி யானையில் ஓட்டுநர் முகப்பிலேயே அமர்கிறார். முன்சக்கரத்துக்கு அருகில் நிற்பவரைப் பார்த்துவிடுகிறார். திரும்புவதற்கும் அதன் ஆரம் 4.3 மீட்டர், ஒன்பது மீட்டர் அகலத் தெருவில் ஒரே வீச்சில் திரும்பிவிடும். எப்-150 அளவுள்ள வண்டிக்கு 14 மீட்டருக்கு மேல் வேண்டும். இல்லையேல் முன்னும் பின்னும் ஓட்டித்தான் திரும்ப வேண்டும், அதுவும் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று தெரியாமல்.

நீங்களே ஓர் ஆய்வு செய்து பார்க்கலாம். உங்கள் ஊரில் சரக்கு ஏற்றும் இடத்துக்கு அளவுநாடாவோடு செல்லுங்கள். ஓட்டுநரின் அனுமதி பெற்று, வண்டி காலியாக இருக்கும்போது தரையிலிருந்து தட்டின் பின்விளிம்பு வரை அளந்துகொள்ளுங்கள். எடை தெரிந்த சரக்கு ஏறியபின் மீண்டும் அளங்கள். நூறு கிலோவுக்கு எத்தனை சென்டிமீட்டர் இறங்கிற்று? வழக்கமான சரக்கு ஏறியும் தட்டு ஒரு சென்டிமீட்டர்கூட இறங்கவில்லையானால், அந்தக் கமான் பட்டை அந்தச் சரக்குக்காகச் செய்யப்பட்டதன்று. பிறகு ஓட்டுநரிடம் கேளுங்கள்: சென்ற மாதம் எத்தனை நடை முழுப் பளு, எத்தனை நடை பாதி, எத்தனை நடை காலி? பின்னிருக்கை இருந்தால், அதில் ஆள் அமர்ந்த நடைகள் எத்தனை? கிடைத்த எண்களை வண்டியின் வகையோடு சேர்த்து எங்களுக்கு எழுதி அனுப்புங்கள்.